கொதிச்சும் திரியாத புரோட்டீன்

எங்க பிஎச்.டி. கைடு சொன்னதை இன்னிக்கு நினைச்சாலும் எரியுது. "உன் புரோட்டீன் கெட்டுப்போச்சும்மா, தூக்கிப் போட்டுட்டு வேற தலைப்பு எடு." புரோட்டீன்னா ஒழுங்கா மடிஞ்சு ஒரு உருவத்துல நிக்கணும், என்னோடது எத்தனை தரம் பார்த்தாலும் நிலையா ஒரு உருவம் இல்லாம, தொளதொளன்னு ஆடிக்கிட்டே இருந்துது.

வேற தலைப்புக்கு நான் எங்க போறது? வீட்டுக்காரர் பிரான்ஸ்ல இருக்காரு. அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை, வேலையும் அங்கதான். ஆராய்ச்சி சரிவரலைன்னா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன்னு அவருக்கு வாக்கு குடுத்திருந்தேன். நெல்லித்தோப்பு மாடி வீட்டுல ஒருத்திக்கு மட்டும் சோறு வடிச்சு, மிச்சத்தை மறுநாளும் தின்னு எனக்கும் அலுத்துப்போச்சு.

அன்னிக்கு வந்த கோவத்துல, என் புரோட்டீனை உண்டாக்கின பாக்டீரியாவை உடைச்சு எடுத்த சாறு மிச்சமிருந்ததைக் கொதிக்கிற தண்ணியில வெச்சேன். "வெந்து தொலை"ன்னு வாய்விட்டே சொன்னேன். லேப்ல கேக்க யாரு இருந்தா?

கொஞ்ச நேரத்துல அது வெந்த முட்டை மாதிரி வெள்ளையாத் திரிஞ்சுது. மெஷின்ல வெச்சுச் சுத்தினதும் கசடு அடியில தங்கி, மேல தெளிவா தண்ணி நின்னுது. கொட்டத்தான் போனேன். சும்மா பார்ப்போமேன்னு சோதிச்சா, அட! அதுக்குள்ள என்னோட புரோட்டீன், அநேகமா அது மட்டும்தான். உருவம் இருந்த மத்த புரோட்டீனெல்லாம் சூட்டுல குலைஞ்சுபோச்சு. இதுக்குக் குலைய உருவமே இல்லையே! கெட்டுப்போகலை, அதோட இயல்பே அதுதான். இந்த மாதிரி புரோட்டீன் சிலது, துணைக்கு இன்னொரு புரோட்டீன் வந்து ஒட்டினா மடியும், துணை விலகினா அவிழ்ந்துடும். புருஷனைப் பிரிஞ்சு இருக்கறவளுக்கு வந்து வாய்ச்சுது பாரு.

கைடு பார்த்துட்டு, "சரி, இதையே பண்ணு"ன்னுட்டுப் போயிட்டாரு. அவ்வளவு சந்தோஷத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போய், படகு ஓரமா நின்னு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கொதிக்க வெச்சது, திரிஞ்சது, திரியாதது எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன்.

லைன் கட்டாயிடுச்சோன்னு "ஹலோ, ஹலோ"ன்னேன்.

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். ரொம்ப சந்தோஷம்"னாரு. அப்புறம், "அலமாரில உனக்குன்னு ஒரு பக்கம் ஒழிச்சு வெச்சேன். அப்ப நீ வரல?"

அதுவரைக்கும் அதை நான் நினைச்சுக்கூடப் பார்க்கலை.

"வரலைங்க"ன்னேன்.