ஆறு மணி வரைக்கும் பர்மிஷன்

ஓசூரில் எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு மைக் செட் போட வந்தவர் அவர். ஒல்லியான மனிதர், ஓயாமல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலை போன ஒரு பெண் பேசும்போது போலீஸ் தடியடியில் இறங்கியது. நாங்கள் சிதறி ஓடினோம்.

"மைக்க ஆஃப் பண்ணுடா!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"ஆறு மணி வரைக்கும் பர்மிஷன் இருக்குதுங்க சார்" என்று அவர் பெட்டியை மறைத்து நின்றார். தோளில் லத்தி விழுந்தும் நகரவில்லை. மைக்கை விடாமல் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் குரல் தெரு முழுக்க முழங்கியது. அதைக் கேட்டு, செல்போன்களை உயர்த்திப் பிடித்தபடி எல்லோரும் திரும்பி வந்தோம். இன்ஸ்பெக்டர் லத்தியை இறக்கினார். ஒரே கைதட்டல்!

"நீங்க நம்ம சங்கமாண்ணா?" என்றேன்.

"இல்லப்பா. போன வாரம் உங்க முதலாளி விழாவுக்கும் நான்தான் செட்டு போட்டேன். யாரு பேசினாலும் கேக்கணும், அவ்ளோதான்."

சங்கத்து ஆளான நானே ஓடியிருக்க, அவர் எப்படி நின்றார் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.