கப்பல் சமையல்காரர் பிழைத்தாரா?

இன்று கடையநல்லூர் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த எங்கள் தெரு மும்தாஜ் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நீங்க ஃபேஸ்புக்ல சொன்ன கடற்கொள்ளைக்காரன் நாவல வாங்கிட்டேன்.”

எனக்குக் கால் தரையில் இல்லை. ‘ஒரே மூச்சில் படித்தேன், தவறவிடாதீர்கள்’ என்று போன வாரம் எழுதியிருந்தேன்.

உண்மையில் அந்த நாவலை ஐந்தருவிச் சாரலில் குடையாகத் தலைக்குப் பிடித்தேன். பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. நான் படித்தது பின்னட்டை மட்டும்.

“பாதியில நிறுத்திட்டேன் அண்ணாச்சி. கப்பல் சமையல்காரர கொள்ளைக்காரனுவ பிடிச்சிட்டுப் போயிட்டானுவ. எங்க வீட்டுக்காரவுகளும் சரக்குக் கப்பல்ல சமையல்தான? வேலைய விட்டுட்டு வந்துருங்கன்னு தெனமும் போன்ல அழுதேன். நாளைக்கு எழுதிக் குடுத்துட்டு வாரேன்னு சொல்லுதாவ. நீங்க முழுசாப் படிச்சியள்லா, அவரு பொழச்சிருதாரா?”

ஒரு குடும்பத்தின் சோறு என் வாய் வார்த்தையில் வந்து நின்றது.

“பொழச்சு ஊருக்கே வந்துருதாரும்மா” என்றேன்.

“அப்பாடா! அவுகள அங்கனயே இருக்கச் சொல்லிருதேன். மிச்சத்த இன்னைக்கே படிச்சிருதேன்” என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

அவரை பிளாக் செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நாவலை நிஜமாகவே படித்த புண்ணியவான்கள் சொல்லுங்கள்: சமையல்காரர் பிழைக்கிறாரா, இல்லை நான் வீடு மாற வேண்டுமா?