காதுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று

செண்பகனூரில் டவுன் பஸ் திரும்பும் வளைவுக்குக் கீழே தேவசேனாவின் வீடு. வீட்டில் பாதி இடம் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு, மீதி இடம்தான் அவளுக்கும் கணவன் சண்முகராஜுக்கும். இருவரும் மைக் செட் தொழில் செய்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா, பள்ளி ஆண்டு விழா எதுவானாலும் சண்முகராஜ் லோடு ஆட்டோவில் செட்டை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவான். வயர் இழுத்து, மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது தேவசேனா. கல்யாணமான புதிதில், பண்ணைக்காட்டில் ஒரு விசேஷத்தன்று சண்முகராஜுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட, அவள் மிக்ஸரில் கை வைத்தாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கவே இல்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஊரடங்குக் காலத்தில் விசேஷங்கள் எல்லாம் நின்று செட் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தபோது, மகள் ஸ்வேதாவின் கேம் கன்சோலில் பொழுது போகட்டும் என்று விளையாட ஆரம்பித்தாள். ஸ்வேதா ஓசூரில் வேலைக்குப் போனதும் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவிடமே விட்டுவிட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் மகளும் ஒரே ஆட்டத்துக்குள் சந்தித்துக்கொள்வார்கள். மூன்று பேர் சேர்ந்து கோட்டை பிடிக்கும் ஆட்டம் அது. முன்னால் ஓடுவது ஸ்வேதா. வழி சொல்வது அவளோடு கல்லூரியில் படித்த ஒட்டன்சத்திரத்துப் பையன் அஜித்குமார். பின்னால் நின்று காவல் காத்து, எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று மைக்கில் சொல்வது தேவசேனா. பொறுமையாக ஓரிடத்தில் நிற்க அவளால்தான் முடியும்.

சிக்கல் காதில் வந்தது. இருபது வருடமாக ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்ததால், மெல்லிய சத்தங்கள் அவளுக்கு மங்க ஆரம்பித்திருந்தன. வத்தலகுண்டில் காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பயப்படுற மாதிரி இல்ல. ஆனா மட்டமான ஹெட்செட்ல சத்தத்தக் கூட்டி வச்சுக் கேக்காதீங்க. நல்லதா ஒண்ணப் போட்டு, கொறச்சு வச்சுக் கேளுங்க" என்றார்.

நல்ல ஹெட்போன் அவளிடம் இருந்தது. மிக்ஸரில் போட்டுக் கேட்கும் பெரிய ஹெட்போன். காதை முழுசாக மூடும், எத்தனை மணி நேரம் போட்டாலும் வலிக்காது. ஆனால் அதன் மின்தடை இருநூற்றைம்பது ஓம், ஓட்ட நல்ல சக்தி வேண்டும். அதை, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் ஓட்டையில் செருகினால், பக்கத்துத் தெருவில் யாரோ பேசுவது மாதிரி கேட்டது. கன்ட்ரோலரின் வேகம் அதற்குப் போதவில்லை. வேறு வழியில்லாமல் கன்சோலோடு வந்த சின்ன ஹெட்செட்டையே மாட்டிக்கொண்டு ஆடினாள்.

மூவரும் ஒரு ஆன்லைன் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அதற்கான பயிற்சி ஆட்டத்தில் அஜித்குமார் "பின்னால பாருங்க" என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கோட்டை போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஸ்வேதா போன் செய்தாள். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, அஜித்துக்கு செல்வமுருகன்னு ஒரு ஃப்ரெண்ட் இருக்கான். போட்டிக்கு மட்டும் அவனச் சேத்துக்கலாமான்னு அஜித் கேக்குறான்."

"எனக்குப் பதிலாவா?"

"ம்."

"போட்டி என்னைக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கெழம, பதினோரு மணிக்கு."

"வியாழக்கெழம ஒரு ஆட்டம் போடுவோம். அன்னைக்கும் எனக்குக் கேக்கலன்னா நானே வெலகிக்கிறேன். அதுக்கு முன்னால எம் பேர எடுக்கக் கூடாது. அவன்ட்டச் சொல்லிரு."

"மைக் வச்ச நல்ல ஹெட்செட்டா வேற ஒண்ணு வாங்கிரும்மா. ஈசியா முடிஞ்சிரும்."

"எங் காதுக்கு எது சரின்னு எனக்குத் தெரியும். இந்த ஹெட்போனுக்கு வேகம் பத்தல, அம்புட்டுத்தான். ஆம்ப்ளிஃபையர் பத்தலன்னா ஸ்பீக்கரையா தூக்கிப் போடுவோம்?"

சொல்லிவிட்டாளே தவிர, ஹெட்போனுக்கென்று தனியாக இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர் எதையும் அவள் கையால் தொட்டதில்லை. ஞாயிறும் திங்களும் மத்தியானம் முழுக்க போனில் தேடிப் பார்த்தாள். வீடியோக்களில் பேசியவர்கள் எல்லாம் பாட்டுக் கேட்கிறவர்கள். வீணை நரம்பு அதிர்வது கேட்கிறது, மேடையின் அகலம் தெரிகிறது என்றெல்லாம் சொன்னார்கள். மைக்கை எங்கே செருகுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கு அதுதான் வேண்டும். காது எவ்வளவு நன்றாகக் கேட்டாலும், அவள் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேராவிட்டால் பின்காவலுக்கு ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

செவ்வாய்க்கிழமை விசேஷம் ஒன்றும் இல்லை. கன்சோல், கன்ட்ரோலர், ஹெட்போன், மேடையில் பேசுகிறவர்களுக்குச் சட்டையில் குத்தும் வயர் வைத்த காலர் மைக் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கினாள்.

"எங்க கெளம்பிட்ட? கடையில கேட்டா எடுத்துக் குடுக்கப் போறான்" என்றான் சண்முகராஜ்.

"எடுத்துக் குடுப்பாங்க. இதுல வேல செய்யுமான்னு யாரு சொல்லுவா? போட்டுப் பாத்துத்தான் வாங்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கொடைக்கானல் பஜாரில் காலித் கடை. போன், வயர், சார்ஜர், சின்ன ஸ்பீக்கர் எல்லாம் விற்பான். மைக் செட்டுக்கு வேண்டிய பின், வயர் எல்லாம் அவள் வாங்குவது அவனிடம்தான். பெட்டியைத் திறந்து கன்சோலை மேஜைமேல் வைத்ததும் அவன் சிரித்துவிட்டான்.

"என்னக்கா, டிவிய மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க?"

"ஒங்க கடையிலதான் ஒண்ணு ஓடுதே தம்பி. அதக் குடுங்க."

கடை டிவியில் கன்சோலை மாட்டினார்கள். அதில் மைக்கைச் சோதிக்க ஒரு பக்கம் உண்டு. பேசினால் திரையில் ஒரு கோடு ஏறும், பேசாவிட்டால் படுத்துக் கிடக்கும். அந்தக் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஹெட்போனில் சத்தம் வர வேண்டும், கோடும் ஏற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஆம்ப்ளிஃபையர் வேண்டாம்.

காலித் முதலில் எடுத்துக் கொடுத்தது யுஎஸ்பியில் செருகும் கறுப்புப் பெட்டி. கன்சோல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு ஓட்டையிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஜம்முன்னு பாடும்க்கா."

"நான் கம்ப்யூட்டர் கொண்டாரலையே."

இரண்டாவது, விளையாடுகிறவர்களுக்கென்றே செய்தது. நீலமும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. மைக்குக்குத் தனி ஓட்டை இருந்தது, கோடும் நன்றாக ஏறியது. காலித் அதுதான் முடிவு என்று நினைத்து டப்பாவைக்கூட எடுத்து வைத்துவிட்டான். தேவசேனா ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டாள். கன்ட்ரோலரில் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பின்னால் மழை பெய்வது மாதிரி ஒரு இரைச்சல் வேறு.

"இது வேணாம் தம்பி."

"லைட்டெல்லாம் எரியுதேக்கா!"

"லைட்ட நான் காதுலயா மாட்டப் போறேன்?"

மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர். உள்ளே பேட்டரி, மேலே ஒரு திருகு, முகத்தில் இரண்டே ஓட்டை. ஒன்று சத்தம் உள்ளே போக, மற்றது வெளியே வர. கன்ட்ரோலரிலிருந்து அதற்கு ஒரு வயர் கொடுத்து, ஹெட்போனைச் செருகினாள். திருகைக் கால்வாசிதான் திருப்பியிருப்பாள். கோட்டை வாசலில் சங்கிலி உரசுவது கேட்டது. காற்றடிக்கிற திசை கேட்டது. மூன்று வருடமாக அந்த ஆட்டத்தை ஆடுகிறாள், அங்கே சங்கிலி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதுதான் தம்பி" என்றாள். ஆனால் திரையில் கோடு படுத்தே கிடந்தது.

"ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ." அசையவில்லை. காலர் மைக்கைச் செருக இடமே இல்லையே, எப்படி அசையும்? கன்ட்ரோலரில் இருக்கும் ஒரே ஓட்டையை ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயர் பிடித்துக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தான் அந்த லைட் எரியுறத வாங்கிக்கங்கன்னேன்" என்றான் காலித்.

தேவசேனா வயரைக் கழற்றி அதன் முனையை வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பு வளையம் இரண்டுதான் இருந்தது. பழைய ஹெட்செட்டின் முனையைப் பார்த்தாள். அதில் மூன்று. அந்தக் கூடுதல் வளையம் மைக்குக்கு. கன்ட்ரோலரின் ஒரே ஓட்டைக்குள் காதும் வாயும் சேர்ந்தே இருக்கின்றன. இந்த வயர் காதை மட்டும் எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிடுகிறது.

"தம்பி, ஆம்ப்ளிஃபையருக்குப் போறதுக்கு முன்னாடியே பிரிச்சிரணும். ஒண்ணுல இருந்து ரெண்டாப் பிரியுற வயர் இருக்கா?"

அவன் உடனே ஒன்றை எடுத்துக் கொடுத்தான். போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முனையிலும் சத்தம்தான் வந்தது. கோடு எழவில்லை.

"இது ரெண்டு பேரு சேந்து பாட்டுக் கேக்குறதுக்கு. எனக்கு ஒண்ணு காதுக்கு, ஒண்ணு வாய்க்கு வேணும். ஒரு முனையில ஹெட்போன் படம், இன்னொண்ணுல மைக் படம் போட்டிருக்கும், பாருங்க."

காலித் மேல் அலமாரி டப்பாவைக் கொட்டித் தேடினான். அடியில் ஒன்று இருந்தது. கன்ட்ரோலரில் அதைச் செருகி, மைக் படம் போட்ட முனையில் காலர் மைக்கையும், ஹெட்போன் படம் போட்ட முனையில் ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்தாள்.

"ஹலோ."

கோடு எழுந்து நின்றது. சங்கிலி உரசும் சத்தமும் காதில் இருந்தது. காலித் அவளை முந்திக்கொண்டு மைக்கின் பக்கம் குனிந்து, "ஹலோ ஹலோ, பஜார் காலித் பேசுறேன்" என்றான். கடைக்கு வந்திருந்த இரண்டு டூரிஸ்டுகள் என்னமோ ஏதோ என்று பார்த்தார்கள்.

வியாழக்கிழமை பயிற்சி ஆட்டம். அரை மணி நேரத்துக்கு முன்பே மாட்டி உட்கார்ந்தவளுக்கு காதில் உர்ர்ர் என்று ஒரு சத்தம். கடையில் இது இல்லை. சண்முகராஜ் எட்டிப் பார்த்தான்.

"எர்த் சரியில்லையோ என்னமோ. நான் வேணா கம்பிய..."

"இருங்க, வெரசா ஒண்ணும் செய்ய வேணாம். பாப்போம்."

அந்த உறுமல் அவளுக்குத் தெரிந்த உறுமல். இரண்டு பெட்டிகள் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்து, சத்த வயராலும் சேர்ந்திருந்தால் மேடைகளில் இப்படித்தான் வரும். கடையில் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் ஓடியது. இங்கே அவள் சார்ஜ் ஏறட்டுமே என்று அதையும் கன்ட்ரோலரையும் கன்சோலிலேயே செருகி வைத்திருந்தாள். ஆம்ப்ளிஃபையரின் சார்ஜ் வயரைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. முதல் நாளே சார்ஜ் ஏற்றிக்கொள்வது, ஆடும்போது வயரைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். டாக்டர் சொன்னதை நினைத்து, தெளிவாகக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்தி, அதற்கு மேல் போகக் கூடாது என்று சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஸ்வேதா மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அஜித்குமார் சொன்ன எதையும் அவள் தவறவிடவில்லை. ஒரு குறைதான். காது இறுக மூடியிருந்ததால் தன் குரல் தனக்கே கேட்காமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேக்குது தேவா" என்று சண்முகராஜ் வாசலிலிருந்து கத்தினான். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. மைக் வழியாக ஸ்வேதாவின் காதில் விழுந்து, அவள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஆட்டம் முடிவதற்குள் தேவசேனா குரலை அடக்கிப் பேசப் பழகிக்கொண்டாள். செல்வமுருகனின் பேச்சை அஜித்குமார் பிறகு எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே மழை பிடித்துக்கொண்டது. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. தேவசேனா அசையவில்லை. கன்சோல், டிவி, நெட் பெட்டி மூன்றையும் சனிக்கிழமையே மைக் செட் இன்வெர்ட்டரில் மாட்டி வைத்திருந்தாள்.

முதல் ஆட்டத்தில் கோட்டைச் சுவரை ஒட்டி நின்றிருந்தபோது, இடது பக்கம் கல் படிக்கட்டில் மெதுவாகக் கால் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்வேதா, நில்லு. முன்னால போகாத. எடது படியில ரெண்டு பேரு ஏறுறாங்க."

"கண்ணுக்கு யாரும் தெரியலையேம்மா."

"இருக்காங்க. நில்லு."

மூன்று எண்ணுவதற்குள் இரண்டு பேர் வந்தார்கள். மூவரும் தயாராக நின்றார்கள். அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். அடுத்ததையும் ஜெயித்தார்கள். மூன்றாவதில் தூத்துக்குடி அணி ஒன்று அவர்களை வெளியே அனுப்பியது. தேவசேனா "போகாத" என்று சொல்லச் சொல்ல அஜித்குமார் அவசரப்பட்டு வாசலைத் தாண்டி ஓடியதுதான் காரணம்.

"எந் தப்புதான் ஆன்ட்டி" என்றான் அவன். "நீங்க சொன்னது கேட்டுச்சு. ரெண்டு எட்டுல திரும்பிரலாம்னு நெனச்சேன்."

"வெளையாட்டுன்னா அப்பிடித்தான், விடு. ஆனா ஏலே அஜித்து, ஒண்ணு சொல்லணும். என்னைய மாத்தணும்னா எங்கிட்ட நேராச் சொல்லு. எம் மகளத் தூது விடாத. அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு."

"சரிங்க ஆன்ட்டி. மன்னிச்சுக்கங்க" என்றான்.

"அடுத்த போட்டி எப்ப?"

"மாசக் கடைசியில இருக்கு. பேரு குடுத்துரவா?"

"மூணு பேரு பேரையும் குடு. புதன்கெழம மத்தியானம் எனக்குச் சோலி இல்ல. ஒனக்கும் லீவு கெடச்சா அன்னைக்குப் பழகுவோம்."

அவன் போன பிறகும் ஸ்வேதா தொடர்பில் இருந்தாள்.

"சாப்ட்டியாம்மா?"

"இனிமேத்தான். நீ?"

"நானும் இனிமேத்தான். அம்மா, ஒன் மைக்குல சேல உரசுறது சரசரன்னு கேக்குது."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"ஆட்டத்துக்கு நடுவுல எப்பிடிச் சொல்றது?"

தேவசேனா காலர் மைக்கைப் புடவைத் தலைப்பிலிருந்து கழற்றி, மேலே போட்டிருந்த ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியில் குத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளு. எப்பிடி இருக்கு?"