லெமினேட் செய்த கடவுச்சொல்

என் மேசை லாச்சியில் ஒரு அட்டை கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். நாலு மூலையையும் வட்டமாக வெட்டி லெமினேட் செய்தது. அதில் நீல மையில் என் பல்கலைக்கழகக் கணக்கின் பெயரும் அதன் முதல் கடவுச்சொல்லும் எழுதப்பட்டிருக்கின்றன. கடவுச்சொல்லை யாராவது லெமினேட் செய்வார்களா? நாவலப்பிட்டியில் போட்டோ கொப்பியும் கணினியுமாகக் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த அக்கா செய்தார். "இந்த ஊரு மழையில ஊறிப்போயிரும் புள்ள" என்று சொல்லி, சூடு ஆறாத அட்டையை என் கையில் வைத்தார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்தில் யாராவது கம்பஸுக்குத் தெரிவானால் முதலில் போவது அந்தக் கடைக்குத்தான். படிவம் நிரப்புவது, படம் ஏற்றுவது, மின்னஞ்சல் திறப்பது எல்லாம் அக்காவின் கையால் நடந்தன. எனக்கும் அப்படித்தான். "ஒன் பேரு வேணாம், பொறந்த நாளும் வேணாம். யாருக்கும் தெரியாத ஏதாவது சொல்லு" என்றார். நான் எங்கள் வீட்டு ஆட்டின் பெயரைச் சொன்னேன். "ஆட்டுக்கு நடிகை பேரா வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அதற்குப் பின்னால் எண்களைச் சேர்த்தார். கடைசியில் பாதுகாப்புக்காக, சரிபார்ப்பு இலக்கத்தை அனுப்ப ஒரு தொலைபேசி எண் கேட்டது. என்னிடம் போன் இல்லை. அப்பாவின் பட்டன் போனுக்கு எங்கள் லயத்து வீட்டில் சிக்னல் இல்லை. "என் நம்பர போட்டுடுறேன். கோட் வந்தா கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார். அந்தப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படித்தான் போட்டிருந்தார். அது தவறான முறை என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அதைவிட்டால் வேறு வழியில்லை.

இரண்டாம் மாதமே நான் சொந்தமாகப் போன் வாங்கிவிட்டேன். எண்ணை மாற்றியிருக்கலாம். சோம்பல், மாற்றவில்லை. புதிதாக ஒரு கணினியில் நுழையும்போதெல்லாம் கோட் நாவலப்பிட்டிக்குப் போகும். ஒரு நிமிடத்தில் அக்கா என்னைக் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பூசையில இருந்தேன், வெளிய வந்துட்டேன், எழுது" என்றார். பின்னால் கோயில் பாட்டு கேட்டது. ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி முடித்ததும், "சரியா போட்டியா புள்ள?" என்று கேட்பார். நான் உள்ளே போனதைச் சொல்லும்வரை வைக்கமாட்டார். பல்கலைக்கழகத்துக்காகப் பிலிமத்தலாவையில் நான் தங்கியிருந்த போர்டிங்கில் அறைத்தோழி சிரிப்பாள். "ஒன் செக்ரட்டரி இன்னைக்கு லீவு இல்லையா?" நானும் சேர்ந்து சிரித்தேன். யார் அவர் என்று இன்னொருத்தி கேட்டபோது, "அது போட்டோ கொப்பி அடிக்கிற ஆள்" என்றேன்.

இரண்டாம் வருடம், பாடப் பதிவு முடிந்த மறுநாள் என் கணக்கைத் திறந்தேன். சிறப்புப் பட்டத்துக்குக் கட்டாயம் வேண்டிய புள்ளிவிபரவியல் பாடம் பட்டியலில் இல்லை. யாரோ உள்ளே போய் நீக்கியிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் என் படிப்பே வேறு மாதிரிப் போய்விடும். என் கடவுச்சொல்லும் கோட்டும் தெரிந்த ஒரே ஆள் யார்? ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடையில் நல்ல கூட்டம். அந்த வருடம் கம்பஸ் கிடைத்த பிள்ளைகள், கையில் ஃபைலோடு அம்மாமார். அக்கா என்னைக் கண்டதும், "வா வா, கதிரைய இழுத்துப்போட்டு உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை. "என் எக்கவுண்ட்டுக்குள்ள போயி என்னா செஞ்சீங்க?" என்று கத்தினேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார். "பாரு புள்ள, இந்த மாசம் ஒனக்குக் கோட்டே வரல. வந்தா ஒனக்குத்தானே மொதல்ல சொல்லுவேன்." நான் பார்க்கவில்லை. "மெசேஜ அழிக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்றேன். ஒரு அம்மா மேசைமேல் வைத்த ஃபைலை மெதுவாக எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னால் இன்னொருவரும் போனார்.

அங்கேயே நின்று, என் போனில் பாதுகாப்பு எண்ணை மாற்றப் போனேன். மாற்றுவதற்கும் பழைய எண்ணுக்குத்தான் கோட் வரும். அக்காவின் போன் சத்தம் போட்டது. அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். முடித்துவிட்டு, "சரியா போட்டியா புள்ள?" என்று கேட்டார். நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து உண்மை தெரிந்தது. செய்தது என் அறைத்தோழி, அதுவும் தெரியாமல். அவளுடைய மடிக்கணினியில் நான் ஒருமுறை நுழைந்து, இனிக் கோட் கேட்கவேண்டாம் என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டு, வெளியேறாமல் மூடியிருந்தேன். அவள் தன் பதிவுப் பக்கம் என்று நினைத்து, தனக்கு வேண்டாத பாடத்தை நீக்கியிருக்கிறாள். இருவரும் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பாடம் திரும்பக் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம், அடுத்த லீவு என்று தள்ளினேன். "அந்தக் கடையில பாஸ்வேர்ட் குடுக்காதீங்க, உள்ள போயி பாக்குறாங்களாம்" என்ற பேச்சு எங்கள் தோட்டம்வரை வந்தது. அம்மாவே என்னிடம் அதைச் சொன்னார். தலையாட்டிக்கொண்டு சோறு சாப்பிட்டேன். அப்புறம் நாவலப்பிட்டியில் அந்தக் கடை இருந்த தெருவால் நான் போகவே இல்லை.

இப்போது குண்டசாலையில் ஒரு கல்வி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை. புதிய மாணவர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பது என் பொறுப்பு. அடுத்தவர் எண்ணைப் போடாதீர்கள், வெளியேறாமல் எழும்பாதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன். போன மாதம் நாவலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வந்தாள். கையில் ஒரு லெமினேட் அட்டை. நாலு மூலையும் வட்டம். கணக்கின் பெயர் மட்டும் நீல மையில் இருந்தது. கடவுச்சொல்லுக்கு நேரே வெறும் கோடு.

"இது ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"கடை அக்கா எழுதமாட்டாங்க மிஸ். நீயே யோசிச்சுப் போடு, எனக்குச் சொல்லாதன்னாங்க. அவங்க நம்பரும் தரமாட்டாங்க. நான் டைப் பண்றப்ப எழும்பி வெளிய போயி நின்னுக்கிட்டாங்க."

"ஏன்?"

"தெரியல மிஸ்."

எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் போனுக்குக் கோட் வந்தது. அவளே வாசித்து அவளே போட்டாள். எல்லாம் முறைப்படி, பாதுகாப்பாக நடந்தது. அவள் போனபின் லாச்சியைத் திறந்து என் அட்டையைப் பார்த்தேன். அதற்குள் ஒரு சொட்டு ஈரம் போகவில்லை. எழுத்து அன்று எழுதியதுபோலவே இருக்கிறது. அக்காவின் போன் எண்ணும் எனக்கு இன்னும் மனப்பாடம். கத்தியது கடை நிறைய ஆள் இருக்கும்போது. மன்னிப்பை மட்டும் இப்படி, ஊர்பேர் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.