சாரத்துக்கு மேல் கோட்

புது உடுப்பு என்றால் பாரிஸ், மிலான் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில் லண்டனும் அந்த வரிசையில் ஏறிவிட்டது. இதை நான் அடித்துச் சொல்வேன், கண்ணால் பார்த்தவன். பார்த்தபோது வந்த பயம் மட்டும் இன்னும் விடவில்லை.

மகள் டிசைன் கல்லூரியில் கடைசி வருடம். படிப்பு முடியும்போது மாணவர்கள் தைத்த உடுப்புகளை மொடல்கள் அணிந்து நடந்து காட்டுவார்கள். வேலைக்கு ஆள் எடுக்க மிலானிலிருந்தெல்லாம் வருவார்கள். யாரும் எடுக்காவிட்டால் அக்கவுண்டன்சி படிப்பதாக எங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். என்ன தைத்தாள் என்பதை மட்டும் காட்டவில்லை.

காட்சியன்று அவளுடைய முறை வந்தது. முதல் மொடல் நடந்து வந்தான். காற்சட்டைக்கு மேல் இடுப்பில் சுற்றிய கட்டம் போட்ட சாரம், இரண்டு ஸ்வெட்டர், திறந்த ஓவர்கோட். கழுத்தில் மப்ளர் போலச் சுற்றிக் கட்டிய துவாய்.

அது நான். லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் எங்கள் முதல் குளிர்காலத்தில், சாரத்தை அவிழ்க்க மனம் வராமல் அதோடேயே பெற்றோல் ஷெட் ஷிப்டுக்குப் போன நான். "அப்பா வெங்காயம் மாதிரி, உரிக்க உரிக்க உடுப்பு" என்று சின்ன வயதில் அவள் சிரிப்பாள்.

மனைவி என் காதுக்குள், "உங்கட கோலத்தையெல்லோ நடக்க விட்டிருக்கிறாள். சனம் சிரிக்கப் போகுது" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கை தட்டவுமில்லை. ஆள் எடுக்க வந்தவர்கள் முன்வரிசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அது சிரிப்பைவிடப் பயமாக இருந்தது. ஆர்ச்வே கோயில் முருகனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்தேன். அவள் வெல்லவா, தோற்று எங்களோடேயே இருக்கவா என்பதைச் சொல்லவில்லை.

முடிந்ததும் மகள் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். மிலானில் ஒரு உடுப்பு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவராம்.

"அப்பா, துவாய் நழுவாமல் எப்பிடிக் கட்டுறனீங்கள் எண்டு கேக்கிறா. மொடலுக்கு வடிவா நிக்கேல்லையாம். ஒருக்காக் கட்டிக் காட்டுங்கோ."

துவாயை வாங்கிக் கழுத்தில் கட்டினேன். அந்தப் பெண் என்னைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு மகளிடம் எப்போது வேலைக்கு வர முடியும் என்று கேட்டார்.

மகளை மிலானுக்கு வழியனுப்பிய அன்று விமான நிலையத்தில், "அங்கையும் குளிராம் பிள்ளை. தனிய என்ன செய்யப்போறாய்?" என்றேன்.

"வெங்காயத்தின்ர மகளப்பா நான். குளிருக்கு உடுக்கத் தெரியாதே?"

அடுத்த வெள்ளிக்கிழமை நேர்ந்த அர்ச்சனையைச் செய்ய ஆர்ச்வே போனேன். அவளுடைய பெயர், நட்சத்திரம் கேட்ட ஐயர், என்ன காரியத்துக்கு என்றும் கேட்டார்.

"பிள்ளை வெண்டிட்டாள் ஐயா" என்றேன்.