ஏழரை மணி என்று எழுதிய பதில்

உண்ணாமலையின் வலது கையில் மூன்று விரல்கள் போனது 1966 தை அமாவாசையன்று. அவள் கொடுத்த மனுவுக்கு, நஷ்டஈடு தர முடியாது என்று மில்லிலிருந்து பதில் வந்தது ஆனி மாதம். செஞ்சி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் தனகோட்டி அதைப் படித்துச் சொன்னபோது அவள் முதலில் கொதித்தாள். பிறகு சிரித்தாள்.

பனமலையில் பிறந்து, வண்டிக்காரர் விநாயகத்தைக் கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்தவள். சிங்கவரம் சாலையில் வாசுபூஜ்ய நயினாரின் மல்லாட்டை மில்லில், அதாவது நிலக்கடலை உடைக்கும் மில்லில், ஒன்பது வருஷ வேலை. மூட்டையைப் பிரித்து மெஷின் வாயில் கொட்ட வேண்டும், ஓடு தனியாகப் பருப்பு தனியாக விழுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தும்மல் நிற்காது. மற்றபடி அவளுக்குப் பிடித்த வேலைதான்.

அன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸைப் பிடிக்க மற்ற பெண்கள் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை பூவராகவன்தான் அவளைப் பிடித்து நிறுத்தினார். "பத்து மூட்டைதான்டி இருக்குது. போட்டுட்டுப் போ. அங்காளம்மன் எங்கயும் ஓடிட மாட்டா." எட்டாவது மூட்டையின்போது பெல்ட்டு அவள் கையை இழுத்தது. அலறல் கேட்டு ஆபீஸ் அறையிலிருந்து நயினார் ஓடிவந்து சுவிட்சைத் தட்டினார். அவரே அவளைத் தூக்கி உட்கார வைத்தார்.

பஸ்ஸெல்லாம் மலையனூர்ப் பக்கம் போயிருந்தது. லாரி ஒன்று கிடைத்து, அதுவும் வழியில் டயர் வெடித்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்தபோது மணி ஒன்பதரை. அந்த ஒன்பதரையைப் பிடித்துக்கொண்டுதான் மில்லின் பதில் எழுதப்பட்டிருந்தது. மில்லில் பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதில்லை. ஆறு மணிக்குப் பூட்டியாகிவிட்டது. மேற்படி உண்ணாமலை இரவு ஏழரை மணி சுமாருக்குப் பருப்பு எடுக்கும் எண்ணத்தோடு உள்ளே நுழைந்து, தானே மெஷினை ஓட்டிக் காயப்பட்டாள்.

"திருடப் போனேன்னா எழுதியிருக்குது?"

"அந்த வார்த்தை இல்லை. அர்த்தம் அதுதான்" என்றார் தனகோட்டி. "சாட்சி யாரு இருக்காங்க சொல்லு."

"யாருமில்லண்ணே. எல்லாம் மலையனூருக்குப் போய்ட்டாளுங்க. பூவராகவன் இருந்தாரு. நைனாரு இருந்தாரு. பாவம், சோத்துக் கையோட ஓடியாந்தாரு மனுசன். என் பொடவையெல்லாம் தயிரு சோறு." சட்டென்று நிறுத்தினாள். "இன்னா மணின்னு எழுதியிருக்குது?"

"ஏழரை."

அப்போதுதான் சிரித்தாள். "ஏழரைக்கு நைனாரு சோறு துன்னாராமா?"

செஞ்சிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சமணர்களான நயினார் வீடுகளில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது, யாரும் சாப்பிடவும் மாட்டார்கள். வாசுபூஜ்ய நயினாரோ அந்த வீடுகளிலேயே கண்டிப்பானவர். சாயங்காலம் ஐந்தரைக்குத் தூக்குச்சட்டி மில்லுக்கு வந்துவிடும்.

தனகோட்டி பேனாவை எடுத்தார். "இதை மனுவிலே சேர்த்துடறேன்."

"சேக்காத."

"ஏன்?"

"காயிதத்துல பாத்தா பூவராகவன் வேற கதை கட்டிடுவாரு. சோறே துன்னல, தண்ணி குடிச்சாருன்னு சொல்லச் சொல்லுவாரு. நானே நேர்ல கேட்டுக்கறேன்."

தனகோட்டிக்கு மனசில்லை. வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவள், நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் என்ன பேசிவிடப் போகிறாள்? கேஸ் தோற்றால் கை மட்டுமல்ல, பெயரும் போனதுதான். வேறு எந்த மில்லும் அவளைச் சேர்க்காது. ஏற்கெனவே கிணற்றடியில் ஒருத்தி, "மடியில எவ்ளோ கட்டினே உண்ணாமல?" என்று கேட்டுவிட்டிருந்தாள்.

கடலூரில் விசாரணை. கமிஷனர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். நயினார் பிரமாணம் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மில் வக்கீல் கேட்டதற்கெல்லாம், பதிலில் எழுதியிருக்கிறபடிதான் என்றார். பின்வரிசையில் பூவராகவன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ ஏதாவது கேக்கணுமா அம்மா?" என்றார் கமிஷனர்.

உண்ணாமலை எழுந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"நைனாரே, ஓடியாந்து சுச்ச நிறுத்துனீங்களே, அப்ப உங்க கையில இன்னா இருந்துது?"

நயினார் நிமிர்ந்தார். இப்படியொரு கேள்வியை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

"சோறு."

பூவராகவன் இருமினார். கமிஷனருக்குப் புரியவில்லை. "அதனாலென்ன?"

"ஐயா, பொழுது சாஞ்சா அவங்க வூட்ல யாரும் வாயில ஒண்ணும் வெக்க மாட்டாங்க. நீங்களே கேளுங்க."

வக்கீல் அவசரமாக எழுந்தார். அன்று ஒருநாள் நேரம் தவறியிருக்கலாம், மனிதர்தானே என்றார். கமிஷனர் அவரைக் கையமர்த்திவிட்டு நயினாரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அன்னிக்கு இருட்டினப்புறம் சாப்பிட்டீங்களா?"

ஆமாம் என்றால் கேஸ் முடிந்தது. பூவராகவன் பின்னாலிருந்து சைகை காட்டுவதை உண்ணாமலை பார்த்தாள். நயினாரும் பார்த்தார்.

"நான் பொறந்ததுலேர்ந்து இருட்டினப்புறம் சாப்பிட்டதில்லை" என்றார். பிறகு, "அப்ப வெளிச்சம் இருந்தது. வேலை நடந்துக்கிட்டிருந்தது. பதிலை நான் படிச்சுதான் கையெழுத்துப் போட்டேன். அது தப்பு."

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. விநாயகம் தொகையைத்தான் முதலில் கேட்டார். உண்ணாமலை தனகோட்டியை அழைத்துக்கொண்டு நேராக மில்லுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் ஓட்டுக் குவியலோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூவராகவன் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

தனகோட்டி தொகையிலிருந்து ஆரம்பித்தார்.

"அது கெடக்கட்டும்ண்ணே. அதுக்கு மேல இருக்குதே, அதப் படி."

"மனுதாரர் முதலாளியின் வேலையில், வேலை நேரத்தில் இருக்கும்போதே காயமடைந்தார் என்று காண்கிறேன்."

ஒரு கிழவி சோற்றுக் கையை நீட்டினாள். "காதுல சரியா உழல. இன்னொரு தபா படி."

"படிண்ணே" என்றாள் உண்ணாமலை. "கொஞ்சம் சத்தமா."