அவள் சொன்ன பேஷ்

என்னிடம் இருக்கும் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. ஊசி அங்கே வந்ததும் துள்ளி அப்பால் போய்விடும். அந்தத் துள்ளலில் காணாமல் போவது என் மனைவியின் குரல்.

அது ஒரு ஜாஸ் இசைக்குழுவின் நேரடிக் கச்சேரி. வெளிநாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் ஒரு மாலை வாசித்தார்கள். அதை அப்படியே பதிவு செய்து தட்டாகவும் போட்டார்கள். ஆபீசில் எனக்கு இரண்டு பாஸ் கிடைத்திருந்தது. வலியசாலை அக்ரகாரத்தில் பாட்டுக் கச்சேரி கேட்டே வளர்ந்தவளை, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்று கெஞ்சித்தான் கூட்டிக்கொண்டு போனேன். அரங்கம் முழுக்க அதிகாரிகள். மீட்டிங்கில் இருப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் அப்படித்தான்; எனக்குப் புரிந்ததும் அவ்வளவுதான்.

நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து, சாக்ஸபோன்காரர் மட்டும் முன்னால் வந்து நின்றார். நரைத்த தாடி, கசங்கிய கோட்டு. மெதுவாக ஒரு வரி வாசித்து நிறுத்தினார். அந்த அமைதியில் என் பக்கத்திலிருந்து கணீரென்று, "பேஷ்!" முன்வரிசை மொத்தமும் திரும்பியது. நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அந்த மனிதரோ குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்து, அதே வரியை அவளுக்காக இன்னொரு முறை வாசித்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது, இந்த மாதிரி இடத்தில் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்றேன். "ஒத்தையா நின்னுண்டு வாசிக்கறார். நன்னாருக்குன்னு ஒருத்தராவது சொல்லண்டாமா? சுவத்துக்கா வாசிக்கறார்?" என்றாள்.

தட்டு வந்ததும், வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவேன். சமையலறையிலிருந்து திட்டுவாள். அவள் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. போட்டோ எடுப்பதென்றால்கூட ஓடிவிடுவாள். அவள் போன பிறகு அந்த இடத்தை மட்டும்தான் கேட்டேன். ஊசியைத் தூக்கித் தூக்கி அங்கேயே வைத்ததில் கோடு விழுந்துவிட்டது.

போன மழைக்காலத்தில், பெங்களூரில் இருக்கும் மகள் அதே கச்சேரியின் புதுப் பதிவை எங்கிருந்தோ கண்டுபிடித்து போனுக்கு அனுப்பினாள். "கேளுங்கோப்பா, அம்மா இருப்பா." ஸ்ரீவராகத்து ஃப்ளாட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இருமல், நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். அவளையும். சாக்ஸபோன்காரர் வாசித்தார், நிறுத்தினார். ஒன்றுமில்லை. பிறகு அதே வரியை மறுபடி வாசித்தார். யாருக்காக என்று இனிமேல் கேட்பவர்களுக்குத் தெரியப்போவதில்லை. உட்கார்ந்து அழுதேன். மகளிடம், அம்மா இருக்கிறாள் என்றே சொல்லிவிட்டேன்.

கீறல் விழுந்த தட்டு அலமாரியில் கிடக்கிறது. சாயங்காலங்களில் போனைத்தான் போடுகிறேன். அவர் வாசித்து நிறுத்தியதும், ஆளில்லாத கூடத்தில் "பேஷ்" என்கிறேன். என் குரலில் அவ்வளவு கணீர் கிடையாது. ஆனாலும் அவர் மறுபடி வாசிக்கிறார்.